அடுப்புக்கு மேலே இருந்த விதைப்பூண்டு

பூம்பாறை
3.10.2024

ரோகிணிக்கு,

அடுப்புக்கு மேலே புகையில் தொங்கிய விதைப்பூண்டு முழுவதையும் என்னைக் கேட்காமல் மதுரைக்குக் கொண்டுபோய், தொக்கு அரைத்து விற்றிருக்கிறாய். நான் இதைத் திருட்டு என்றுதான் சொல்வேன். போனில் சொன்னால் நீ அழுவாய், என் கோபம் போய்விடும். அதனால் எழுதுகிறேன்.

இந்த மாதம் நடவு. பரணில் கயிறுதான் தொங்குகிறது. வெள்ளனே எழுந்து அதைத்தான் பார்க்கிறேன். காலேஜில் படிக்கிற பிள்ளைக்கு வியாபாரம் எதற்கு? படித்து முடித்து வேலைக்குப் போவதுதானே? பக்கத்துக் காட்டுத் தங்கமுத்து, "ஏலே, பிள்ள திருடல, சோலி பாத்திருக்கு" என்று சிரிக்கிறான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உன் அப்பா,
சேனாதிபதி


மதுரை
9.10.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

தப்புதான். சந்தைப் பூண்டில் அந்தப் புகை மணம் இல்லை. ருசி பார்த்தவர்கள் அதைத்தான் கேட்டார்கள்.

தொழில் தொடங்கும் மாணவர்களுக்குக் காலேஜில் போட்டி வைத்தார்கள். ஏன் இதில் இறங்கினாய் என்று மேடையில் கேட்டார்கள். நாலு பேருக்கு வேலை கொடுக்க என்றேன். எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். உண்மையை உங்களுக்குச் சொல்கிறேன். போன வருஷம் பூண்டு விற்க உங்களோடு கமிஷன் கடைக்கு வந்தேன். அங்கிருந்தவன் என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவன். "பூண்டு பொடிசாக் கெடக்கு. வேணும்னா போடு, இல்ல மலைக்கே தூக்கிட்டுப் போ" என்றான். நீங்கள் "பாத்து வெல போடுங்கண்ணே" என்றீர்கள். அவனைப் போய் அண்ணே என்றீர்கள் அப்பா. நானும் ஒருநாள் அப்படி நிற்பேனோ என்று அன்றைக்கு வந்த பயம் இன்னும் போகவில்லை. வேலையை நம்பவும் பயம். சீனியர் ரம்யா அக்கா, வேலை தருவதாகக் கம்பெனி கொடுத்த கடிதத்தோடு வருஷம் முழுக்க வீட்டில் காத்திருக்கிறார்.

காய்கறி வண்டியில் ஒரு மூட்டை விதை வாங்கி அனுப்பியிருக்கிறேன். நட்டுவிடுங்கள்.

ரோகிணி


பூம்பாறை
14.10.2024

ரோகிணிக்கு,

மூட்டை வந்தது. நான் இல்லாத நேரத்தில் உன் அம்மா ஒரு முறம் அள்ளிக்கொண்டு காட்டுக்கு இறங்கிவிட்டாள். ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். ஒரு பல்லும் மண்ணில் விழவில்லை. விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? உன் பெரியப்பா ஒரே தடவை வெளிவிதை போட்டார். வேரழுகல் வந்தது. அந்த மண்ணில் பிறகு பூண்டே பிடிக்கவில்லை. இன்று கொடைக்கானலில் ஓட்டல் வாசலில் கேட் திறந்துவிடுகிறார். உனக்கும் தெரியும். தெரிந்தும், யார் காட்டு விதை என்று கேட்காமல் வாங்கினாய். எனக்குப் பயம் அதில்தான்.

அவனை அண்ணே என்றது உண்மை. இறக்கிய மூட்டையைத் திரும்ப மலையேற்ற என்னால் முடியாது.

தங்கமுத்து பாதிக் காட்டுக்கு விதை தருவான். விளைச்சலில் அவனுக்குப் பங்கு உண்டு. மீதியில் நான் பீன்ஸ் போடுவேன். உன் அம்மா முறத்தைக் கழுவி வெயிலில் வைக்க வேண்டும். நீ அனுப்பிய மூட்டை அதே வண்டியில் திரும்பி வரும். அதை அரைத்து விற்பது உன் பொறுப்பு. புகை மணத்துக்கு வழியையும் நீயே தேடு. தை மாதம் பூண்டு பிடுங்கியதும் லீவு போட்டு வர வேண்டும். கமிஷன் கடையில் நீதான் பேச வேண்டும். நான் வண்டியை விட்டு இறங்க மாட்டேன்.

உன் அப்பா,
சேனாதிபதி