டிக்காஷனில் ஒரு துளி மெரூன்

ஜூன் 3, 2025
இவருக்கு இருதயத்தில் ஸ்டென்ட் வைத்து நாலு மாதம் ஆகிறது. இன்றும் காலையில் நடக்கப் போகவில்லை. தொடை வலிக்கிறதாம். சாயப்பட்டறையில் பத்து மணி நேரம் நிற்கிறவருக்கு ஆற்றுப் பாலம் வரை நடக்க வலியா? சாக்கு என்று நினைத்தேன். சொல்லியும் விட்டேன்.

ஜூன் 6
கழிப்பறையில் உட்கார்ந்தவர் எழ முடியாமல் கூப்பிட்டார். கை கொடுத்துத் தூக்கினேன்.

ஜூன் 7
வலி மாத்திரை வாங்கப் போனேன். மருந்துக்கடை சௌந்தர்யா தரமாட்டேன் என்றுவிட்டாள். எனக்குப் பின்னால் எட்டுப் பேர். முதலாளி முறைக்கிறார். அவள் பாட்டுக்குக் கேட்கிறாள்.

“அக்கா, அண்ணனுக்கு வலி ஒரு காலா, ரெண்டுமா?”

“ரெண்டும். இப்பத் தோளும்.”

“ஒண்ணுக்கு என்ன கலருங்க போகுது?”

எனக்கு எப்படித் தெரியும்? அங்கிருந்தே வீட்டுக்குப் போன் போட்டேன். இவர் இருபது வருடமாகக் கலர் மாஸ்டர், நிறத்தைக் கண்ணாலேயே எடை போடுகிறவர்.

“டீ டிக்காஷன்ல ஒரு துளி மெரூன் உட்டாப்ல இருக்குது புள்ள. மூணு நாளா. சாயந்தான் ஒடம்புல ஏறிருச்சாட்டன்னு உட்டுட்டேன்.”

சௌந்தர்யாவின் முகம் மாறியது. “கொழுப்பு மாத்திரை ஒத்துக்காம சதை கரைஞ்சா இந்தக் கலர் வருமுங்க. இப்பவே ஆஸ்பத்திரி போங்க. ஊட்ல இருக்கற மாத்திரை அத்தனையும் ஒரு பையில போட்டுக்கங்க. அத்தனையும்ங்க.”

வீட்டுக்கு ஓடி வந்து இருதய மாத்திரைகளை நான் பையில் போட்டேன். இவர் சாயம் தோய்த்த நூல் துண்டுகளை ஒட்டி வைக்கும் சாம்பிள் நோட்டுக்குள்ளிருந்து ஓர் அட்டையை உருவினார். இட்ராகோனசோல் என்ற பூஞ்சை மாத்திரை. ஈரத்திலேயே நின்று தொடை இடுக்கில் படர்தாமரை. வெளியூரில் ஏதோ ஒரு கடையில், டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கிப் பதினைந்து நாளாகச் சாப்பிட்டிருக்கிறார்.

“உங்கிட்டச் சொல்ல வெக்கமா இருந்துச்சு.”

பத்தொன்பது வருடம் கூடவே இருப்பவளிடம்.

ஜூன் 8, ஆஸ்பத்திரி
சதை உடைந்தால் ரத்தத்தில் ஏறுகிற சி.கே. முப்பத்தெட்டாயிரம். இருநூறை ஒட்டி இருக்க வேண்டியதாம். ஸ்டென்ட் வைத்ததிலிருந்து சாப்பிடும் கொழுப்பு மாத்திரையை ஈரல் கழித்துவிடும். இந்தப் பூஞ்சை மாத்திரை அதைத் தடுத்துவிட்டது. தேங்கிய மருந்து சதையை உடைக்க, உடைந்தது சிறுநீரகத்தை அடைக்கிறது. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் 3.1, ஒன்றை ஒட்டி இருக்க வேண்டியது. ஏறிக்கொண்டே போனால் டயாலிசிஸ்.

நான் வேதியியல் படித்தவள். ஓர் அட்டையைக்கூடத் திருப்பிப் படித்ததில்லை. சாக்கு என்று சொன்ன வாய்தானே இது —

ஜூன் 9
3.4.

சலைன் ஓடிக்கொண்டே இருக்கிறது. “மாத்திரையெல்லாம் பையில போட்டுக் கொண்டுவரச் சொன்னது யாரு?” என்று டாக்டர் கேட்டார். சௌந்தர்யா வலி மாத்திரை தர மறுத்ததையும் சேர்த்துச் சொன்னேன். “அந்த வலி மாத்திரையும் உள்ள போயிருந்தா கிட்னி போயிருக்கும்,” என்றார்.

எட்டுப் பேர் காத்திருக்கும்போது இன்னொரு கேள்வி கேட்க எவ்வளவு துணிச்சல் வேண்டும். அந்தப் பெண்ணுக்கு இருபத்தாறு வயது இருக்குமா?

ஜூன் 10
ஒவ்வொரு முறையும் சிறுநீர் ஜாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து இவரே நிறம் சொல்கிறார். “நேத்தைக்குக் காப்பிக்கொட்டை. இன்னைக்குச் செம்மண்.” நர்ஸ் லிடியா அப்படியே எழுதிக்கொள்கிறாள். “ஏனுங்க மாஸ்டர், கல்யாணச் சேலைக்கா கலர் பாக்கறீங்க?”

எழுந்து நிற்க முடியாதவர் சிரித்தார். பயம் இல்லையா இவருக்கு? இருக்கிறது. ராத்திரி என் விரலை விடவில்லை.

ஜூன் 12
2.6. டயாலிசிஸ் வேண்டாம்.

“வைக்கோல்,” என்றார் ஜாடியைப் பார்த்து. நான் வெளியே போய் அழுதுவிட்டு வந்தேன்.

ஜூன் 20
வீடு. இளம்பிள்ளை ஊர்த் தறியில் நெய்த சேலை ஒன்றை எடுத்துக்கொண்டு சௌந்தர்யாவிடம் போனேன். “சேலை இருக்கட்டுங்கக்கா, ஆஸ்பத்திரில குடுத்த புதுச் சீட்டக் காட்டுங்க,” என்று கையை நீட்டினாள். இரண்டு முறை படித்தாள். அதற்குப் பிறகுதான் சேலையைப் பார்த்தாள்.

ஆகஸ்ட் 3
எனக்கு மூன்று நாளாக இருமல். டாக்டர் கொடுத்த மாத்திரையைப் பிரிக்கப் போனேன். இவர் அட்டையை வாங்கிக்கொண்டார்.

“நீ பிரஷருக்குச் சாப்புடறயல்ல? இரு, அந்தப் புள்ளையக் கேட்டுட்டு வாரேன்.”

வண்டி எடுக்கவில்லை. நடந்தே போனார். தண்ணீர் டம்ளருடன் வாசலில் நின்றேன். இருபது நிமிடம் கழித்து வந்தவர், சுவரைப் பிடிக்காமல் மூன்று படிகளையும் ஏறினார்.

“சாப்புடலாமாம்.”