பூஜையில் வைத்த பென் டிரைவ்

அனுப்புநர்:
ரா. விஜயராணி,
க/பெ. ராமர்,
எம்ப்ராய்டரி ஜாப் ஒர்க்,
தொழிற்பேட்டை பின்புறம், முதலிபாளையம்,
திருப்பூர் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம்,
திருப்பூர்.

பொருள்: காவல் நிலையத்தில் உள்ள எங்கள் கம்ப்யூட்டரில் இருந்து பாஸ்வேர்டு ஃபைல் ஒன்றை மட்டும் காப்பி எடுத்துக்கொள்ள அனுமதி கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அய்யா அவர்களுக்கு,

1. நாங்கள் சாத்தூர் பக்கமிருந்து பிழைப்புக்காக வந்து முதலிபாளையத்தில் குடியிருப்பவர்கள். பனியன் துணியில் பூவும் பெயரும் போட்டுக் கொடுக்கும் மெஷின் ஒன்றை, அதற்கான டிசைன் கம்ப்யூட்டரோடு ஒரு வாடகை ஷெட்டில் வைத்து, நானும் என் கணவர் ராமரும் ஓட்டி வருகிறோம். என் தாயார் கருத்தம்மா எங்களோடு இருக்கிறார். என் ஒரே தம்பி மாரிச்செல்வம் ஜோர்டான் நாட்டில் ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக இருந்தான். இருந்தான் என்று கை தவறி எழுதிவிட்டேன். இருக்கிறான் என்றே தாங்கள் படித்துக்கொள்ள வேண்டுகிறேன்.

2. கடந்த ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் தம்பியிடமிருந்து எனக்கு மெயில் வந்தது. கம்பெனியை மூடிவிட்டார்கள், பாஸ்போர்ட்டையும் செல்போனையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள், வேறு எங்கோ கொண்டுபோகப் போகிறார்கள் என்று எழுதியிருந்தான். "போய்ச் சேந்ததும் அட்ரஸ் அனுப்புதேன்க்கா. அத வச்சி எம்பசிக்கு எழுது. மெயில மட்டும் பாத்துக்கிட்டே இரு" என்பது அவன் கடைசியாகச் சொன்னது. யாருடைய கம்ப்யூட்டரிலிருந்தோ, புது ஐடி ஒன்றைப் போட்டு அனுப்பியிருந்தான். அதை நான் தனியாகக் குறித்து வைக்கவில்லை. மெயிலில்தான் இருக்கிறதே என்று இருந்துவிட்டேன். அதனால் வேறு மெயிலிலிருந்து அவனுக்கு எழுதவும் வழியில்லை.

3. அந்த மெயிலை என்னால் இப்போது திறக்க முடியவில்லை. காரணத்தைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டியிருப்பதற்கு மன்னிக்கவும். முன்பு பிரவுசிங் சென்டரில் யாரோ என் பாஸ்வேர்டைப் பார்த்து, மெயிலையே திருடிவிட்டார்கள். அதனால் தம்பி வெளிநாடு போகுமுன், பாஸ்வேர்டுகளைப் பூட்டி வைக்கும் சாஃப்ட்வேர் ஒன்றைப் போட்டுத் தருவதாகச் சொன்னான். அதில் இரண்டு வகை உண்டாம். ஒன்று இன்டர்நெட் வழியாக வேறு யாருடைய கம்ப்யூட்டரிலோ வைப்பது. மற்றது நம் கம்ப்யூட்டரிலேயே வைப்பது. என் கணவர் இன்டர்நெட்தான் நல்லது என்றார். அட, கரண்ட்டே ஒழுங்காக வராத ஊரில் இன்டர்நெட்டை நம்பலாமா என்று கேட்டேன். நம் வீட்டுச் சாவியை முகம் தெரியாத வெள்ளைக்காரன் கையில் கொடுத்துவிட்டு அவன் வாசலில் நிற்பதா என்றும் கேட்டேன். தம்பியும் என் பக்கம் நின்றான். மெயில் பாஸ்வேர்டை யாரும் ஊகிக்காதபடி மாற்றி எங்கள் கம்ப்யூட்டரிலேயே ஒரு ஃபைலில் பூட்டினான்; அந்த ஃபைலைத் திறக்கும் பாஸ்வேர்டை மட்டும் நான் வைத்தேன். அந்த ஃபைலைப் பென் டிரைவில் ஒரு காப்பி எடுத்து, அதை வீட்டு பீரோவில் வை, கம்ப்யூட்டர் இருக்கும் இடத்தில் வைக்காதே என்று படித்துப் படித்துச் சொன்னான். அப்படியே வைத்திருந்தேன். நான் தேர்ந்தெடுத்தது தப்பு என்று இன்றும் ஒப்புக்கொள்ள மாட்டேன். என் கணவர்தான் தினமும் "நான் அன்னைக்கே சொன்னேன்" என்கிறார்.

4. ஆயுத பூஜைக்கு மெஷின், கத்தரி, ஊசி, கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைத்தோம். அப்போது என் கணவர், தம்பி வாங்கிக் கொடுத்த பென் டிரைவும் நமக்கு ஆயுதம்தானே, அதுவும் சாமி முன்னால் இருக்கட்டும் என்றார். தம்பி நல்லபடியாக இருக்க வேண்டும் என்று நானே பீரோவிலிருந்து எடுத்து வந்து, சந்தனம் குங்குமம் வைத்து, கம்ப்யூட்டர் மேலேயே வைத்தேன். பூஜையில் வைத்ததை, லீவு முடிந்து கம்பெனி திறக்கும் நாள் வரை இந்த ஊரில் யாரும் தொட மாட்டார்கள் என்பது தாங்கள் அறிந்ததே.

5. கம்பெனி திறந்த அன்று காலை, தேங்காய் உடைக்குமுன் காவலர்கள் வந்தார்கள். அதே ஷெட்டில் பக்கத்து அறைக்காரர் திருட்டு டிசைன் சாஃப்ட்வேர் வைத்திருப்பதாகப் புகாராம். எங்கள் கம்ப்யூட்டரில் அது கிடையாது என்று கெஞ்சினேன். ஒரே ஷெட், எல்லாம் கோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று, எங்களுடையதையும் மேலே இருந்த பென் டிரைவையும் சேர்த்து ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள். அது எந்தக் காவல் நிலையம் என்பதைத் தாங்கள் கேட்டால் நேரில் சொல்கிறேன். எழுத்தில் கொடுக்கப் பயமாக இருக்கிறது. நாளைக்கும் நான் அங்கேதான் போய் நிற்க வேண்டும்.

6. தம்பியைத் தேடித் தரக் கேட்டுத் தங்கள் அலுவலகத்துக்கே முன்பு ஒரு மனு கொடுத்தேன். அட்ரஸ் கேட்டார்கள், நியாயம்தான். தம்பி அனுப்பியிருந்தால் அட்ரஸ் மெயிலில்தான் இருக்கும். மெயிலின் பாஸ்வேர்டு அந்த ஃபைலில் இருக்கிறது. பாஸ்வேர்டை மாற்றலாம் என்றால், மாற்றுவதற்கான கேள்விக்குரிய பதிலையும் யாரும் ஊகிக்காதபடி தாறுமாறான எழுத்தாக்கி அதே ஃபைலில்தான் தம்பி போட்டிருக்கிறான். காவல் நிலையத்தில் கேட்டால், "நம்ம கையில ஒண்ணுமில்லீங்க அம்மணி, கோர்ட்டுல கேளுங்க" என்று மரியாதையாகச் சொல்கிறார்கள். கோர்ட்டில் கேஸ் நம்பர் கேட்கிறார்கள். நம்பர் இன்னும் போடவில்லையாம். யாரும் என்னைத் திட்டவில்லை அய்யா, எல்லோரும் உட்காரச் சொல்கிறார்கள். ஆனால் யாராலும் ஒன்றும் ஆகவில்லை.

7. இனித்தான் அவசரம். நான்கு மாதம் திறக்காத மெயில் பெட்டியை உள்ளே இருப்பதோடு அழித்துவிடுவார்கள் என்று பிரவுசிங் சென்டரில் சொல்கிறார்கள். பொங்கல் கழிந்ததும் அந்தக் கெடு முடிந்துவிடும். என் தாயாருக்கு மெயிலும் தெரியாது, பாஸ்வேர்டும் தெரியாது. "ஏட்டி, எம்புள்ள கடுதாசி போட்டானா?" என்று சாயங்காலமானால் கேட்கிறார். போட்டிருப்பான் அம்மா, பூட்டிய பெட்டிக்குள் கிடக்கிறது என்று சொன்னால், பெட்டியை உடை என்கிறார். நான் எதை உடைப்பேன்?

8. ஆகவே, கம்ப்யூட்டரைத் திருப்பித் தரச் சொல்லிக் கேட்கவில்லை. மெஷின் நின்று கிடப்பதையும் சொல்ல வரவில்லை. அந்த ஒரு ஃபைலை, காவலர் முன்னிலையிலேயே, காப்பி எடுத்துக்கொள்ள மட்டும் உத்தரவிடுங்கள். பென் டிரைவில் இருந்தாலும் போதும். சந்தனம் காய்ந்திருக்கும், துடைத்துவிட்டுச் செருகச் சொல்லவும்.

9. அதற்கும் சட்டத்தில் இடமில்லை என்றால், தங்கள் அலுவலகத்தில் யாராவது ஃபைலைத் திறந்து, என் மெயிலைத் தாங்களே படித்துப் பார்க்கலாம். ஃபைலைத் திறக்கும் பாஸ்வேர்டை என் கணவருக்குக்கூட நான் சொன்னதில்லை. இந்த மனு எத்தனை மேஜை தாண்டித் தங்களிடம் வரும் என்றும் தெரியும். இருந்தாலும் இதிலேயே எழுதிவிடுகிறேன். இந்தத் தமிழ் வரியை ஆங்கிலச் சின்ன எழுத்துகளில், இடைவெளி விடாமல் அடிக்க வேண்டும்:

தம்பி நீ எப்ப வருவ

எனக்கு எழுதியதை நான் படிக்க வேண்டும் என்றுகூட இல்லை. அவன் எங்கே இருக்கிறான் என்று தாங்கள் படித்து ஒரு வரி சொல்லி அனுப்பினால், அம்மாவிடம் கடுதாசி வந்துவிட்டது என்று சொல்லிவிடுவேன்.

தங்கள் ஒரு வரிக்காகக் காத்திருக்கும்,

(ஒப்பம்)
ரா. விஜயராணி

இடம்: முதலிபாளையம்
நாள்: 14.12.2009