இரண்டு சம்மதங்களுக்கும் ஒரே காப்பாளர்

பிப்ரவரி 19, புதன்

1. இதை எழுதுபவன் தாக் கிஹ்யொன், வயது அறுபத்தொன்று. குன்சான் துறைமுக நகரில் வழக்கறிஞர், நோட்டரி. எங்கள் சபையில் மூப்பர்.
2. என் மனைவி ஓக் மிரானின் கல்லீரல் முற்றிலும் கெட்டுவிட்டது. மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை என்று சியோல் மருத்துவர் இன்று தெரிவித்தார். உயிருடனிருப்பவர் தம்முடையதில் ஒரு பகுதியைக் கொடுக்கலாம்; என்னுடையது கொழுப்பேறியது, ஏற்கத்தக்கதன்று.
3. எங்களுக்கு ஒரே மகள். சொரின். பூசானில் நீச்சல் கற்றுக்கொடுக்கிறாள். இச்செய்தி அவளை எட்டக்கூடாது என்பது மிரானும் நானும் ஒருமனதாக எடுத்த முடிவு.

மூன்றாவதற்குக் காரணம் எழுதவேண்டும். இந்நாட்டில் பெற்றோருக்குக் கல்லீரல் கொடுக்கும் பிள்ளையை ஊரே மெச்சும். கொடுக்காத பிள்ளையை ஊரே பார்க்கும். அந்தப் பார்வையின் கீழ் அவள் தரும் சம்மதம் எப்படிச் சுயசம்மதமாகும்?

பிப்ரவரி 21

விடியற்கால ஜெபத்திற்குச் சென்றேன். தானம் செய்பவர் ஒருவர் விரைவில் கிடைக்கவேண்டும் என்று மனதிற்குள் விண்ணப்பித்தேன். பாதியிலேயே நின்றுவிட்டது. இறந்தவரிடமிருந்துதானே கிடைக்கவேண்டும்? அப்படியானால் நான் கேட்பது என்ன? யாரோ ஒருவரின் மகன் சாலையில் விழவேண்டும் என்றா?

வேறு வாசகம் தேடினேன். கிடைக்கவில்லை. ஆமென் சொல்லாமலே எழுந்து வந்தேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

மிரானின் கண்கள் மஞ்சளாக இருப்பதை டீக்கனம்மா ப்யோ ஜொங்னே ஆராதனையின் நடுவிலேயே கண்டுபிடித்துவிட்டார். சந்தையில் கருவாடு விற்பவர். மீனின் கண்ணைப் பார்த்தே பிடித்து எத்தனை நாள் என்று சொல்பவர். அவரிடம் மறைப்பது வீண். ஜெபிப்பதற்கு மட்டும், பிறர் அறியாதபடி, என்ற இரு நிபந்தனைகளுடன் சொன்னேன்.

"என் வாய் பூட்டுப் போட்ட வாய், மூப்பரய்யா" என்றார்.

பிப்ரவரி 24

சபையார் அனைவரின் கைப்பேசிக்கும் காலை ஜெபக் குறிப்பு வந்தது. முதற்குறிப்பு: "மூப்பர் தாக் அவர்களின் மனைவிக்குப் புதுக் கல்லீரல் கிடைக்க."

ஒரு கிரயப் பத்திரத்தை முத்திரை வைக்காமல் வெளியே விடாதவன் நான். இதை ஜெப விண்ணப்பமாகக் கொடுத்தேன். எங்கள் சபையில் ஜெப விண்ணப்பம் என்றால் அறிவிப்பு என்று பொருள். இருபது வருடம் மூப்பராக இருப்பவனுக்கு இது தெரியாதா?

நண்பகலுக்குள் செய்தி எட்டி, பூசானிலிருந்து மகளின் அழைப்பு.

"அப்பா, அம்மாவுக்கு என்னன்னு குன்சான் கருவாட்டுக் கடை பூனைக்குக்கூடத் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. அப்படித்தானே?"

"உன்னைச் சிரமப்படுத்த வேண்டாம்னுதான்—"

"வக்கீல் பேச்சு வேணாம். எந்த ஆஸ்பத்திரின்னு சொல்லுங்க."

சொன்னேன்.

பிப்ரவரி 25

ப்யோ அம்மையார் நோயாளிக்கென்று ஒரு பானை கடல் நத்தைக் கஞ்சியுடன் வந்தார். நான் கதவைப் பாதிதான் திறந்தேன்.

"பேரு சொல்லாம எப்படி மூப்பரய்யா ஜெபிக்கிறது? கர்த்தருக்கு விலாசம் வேணாமா?"

"கர்த்தருக்குத் தெரியும் அம்மா. ஊருக்குத்தான் தெரியாம இருந்துச்சு."

"ஊரு சேர்ந்து கேட்டா அவரு சீக்கிரம் கேப்பாருன்னு நெனைச்சேன். தப்புதான். கஞ்சி ஆறுது, வழிய விடுங்க."

உள்ளிருந்து மிரான் சிரிக்கும் ஓசை. கதவை முழுவதும் திறந்தேன்.

மார்ச் 3

சொரின் வந்துவிட்டாள். தாயின் இரத்த வகையே அவளுக்கும். பரிசோதனைக்கு நாளும் குறித்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

மிரான் போர்வையை முகம்வரை இழுத்துக்கொண்டாள். "நான் செத்தாலும் சரி. உன் வயித்துல கத்தி வைக்க விடமாட்டேன்."

"என்னைப் பெத்தப்ப உன் வயித்துல கத்தி வச்சாங்களே, அப்ப என்னைக் கேட்டியா?"

பிறகு போர்வைக்குள்ளிருந்து, "இந்த வாய்க்கொழுப்பு உங்க அப்பாகிட்டேருந்து வந்தது."

"அப்பாவுக்கு அது கல்லீரல்லயும் இருக்காம். அதான் நான் வரவேண்டியதாப் போச்சு."

இருவரும் சிரித்தார்கள். நான் சமையலறைக்குச் சென்று நின்றேன்.

மார்ச் 4

மகளைக் கடற்கரைக்கு அழைத்துச் சென்று சாட்சியை விசாரிப்பதுபோல் விசாரித்தேன். யாரேனும் வற்புறுத்தினார்களா? ஊர்ப்பேச்சுக்கு அஞ்சுகிறாயா? தழும்புடன் நீச்சல் உடை உடுத்த வேண்டியிருக்கும் என்று யோசித்தாயா?

"யோசிச்சேன்பா. பயமா இருக்கு. ரொம்பப் பயமா இருக்கு."

உடனே பிடித்துக்கொண்டேன். "அப்ப வேணாம். பயத்துல கொடுக்கிற சம்மதம் செல்லாது."

"பயமா இருக்குன்னுதான் சொன்னேன். வேணாம்னு சொன்னேனா? முதல் நாள் தண்ணியில இறங்குற பிள்ளைங்க எல்லாம் பயந்துக்கிட்டுதான் இறங்குதுங்க. பயம் போனப்புறம் வாங்கன்னு சொன்னா ஒண்ணுகூட நீஞ்சாது."

சாட்சியை விடுவித்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

போதகர் கவலையைப் பற்றிப் பிரசங்கித்தார். வாசலில் என் கையைப் பற்றிக்கொண்டு எல்லோர் முன்னும் சொன்னார்: "நம்ம மூப்பரைப் பாருங்க. விசுவாசத்துல கல்லு மாதிரி நிக்கிறாரு."

கல்தான். கல்லுக்கும் தொண்டையில் சோறு இறங்காது.

இதுவரை எத்தனை வீடுகளுக்குப் போய், கலங்காதிருங்கள் என்று ஆறுதல் சொல்லியிருப்பேன்? கலங்குபவனிடம் விசுவாசமில்லை என்றே எண்ணி வந்திருக்கிறேன் போலும். எவரிடமும் அப்படிச் சொன்னதில்லை. ஆனால் எண்ணியிருக்கிறேன்.

மார்ச் 12

சொரினின் பரிசோதனை முடிவுகள் வந்தன. பொருந்துகிறது. மிரான் பகல் முழுவதும் போர்வைக்குள்ளேயே கிடந்தாள். மாலையில் மகளைத் தன் பக்கத்தில் படுக்கச் சொன்னாள். அதுதான் அவள் சம்மதம்.

நன்றி செலுத்தவேண்டும். முடியவில்லை. இதுவரை ஒருத்திக்காகப் பயந்தேன்; இனி இருவருக்காக.

மார்ச் 14, வெள்ளி

விடியற்கால ஜெபம். வழக்கம்போல் அனைவரும் எழுந்து மூன்றுமுறை "ஆண்டவரே" என்று கூவி, பின் அவரவர் ஜெபத்தை உரத்த குரலில் தொடங்கினார்கள். தகரக் கூரையில் மழை விழுவதுபோன்ற பேரிரைச்சல். நான் இத்தனை வருடமும் இந்நேரத்தில் உதடுகளை மட்டும் அசைப்பவன். மூப்பருக்குரிய ஜெபங்களை முன்பே எழுதி, திருத்தி, படிப்பவன்.

இன்று வாய் திறந்துகொண்டது. எழுதி வைத்தது எதுவும் வரவில்லை.

எனக்குப் பயமா இருக்கு. ரெண்டு பேரையும் நீங்க எடுத்துக்கிட்டா நான் யாரோட சாப்பிடுவேன்? என்னால ஒண்ணும் பண்ண முடியல. நீங்கதான் பார்த்துக்கணும். பார்த்துக்கறேன்னு சொல்லுங்களேன். சொல்லமாட்டீங்களா?

கத்தினேன். இதே வார்த்தைகளைத் திரும்பத் திரும்ப. பதில் ஒன்றும் வரவில்லை. அதைப் பதிவு செய்யவேண்டும். முதுகில் ஒரு கை வந்து அமர்ந்தது. கருவாட்டு வாசம். ப்யோ அம்மையார் தம் ஜெபத்தை நிறுத்தாமலே கையை வைத்திருந்தார்.

பிறகு கைப்பேசிக்கு வந்த இன்றைய ஜெபக் குறிப்பில் இதைப் பற்றி ஒருவரியும் இருக்கவில்லை.

மார்ச் 19

சியோல். இரண்டு சம்மதப் படிவங்கள். கொடுப்பவளுக்கு ஒன்று, பெறுபவளுக்கு ஒன்று. இரண்டிலும் குடும்பத்தார் ஒருவர் கையெழுத்திடவேண்டிய காப்பாளர் என்ற இடம் காலியாக இருந்தது.

"ரெண்டுக்கும் நீங்கதானா ஐயா? வேற யாரும் இல்லையா?" என்றார் செவிலியர்.

"இல்லை."

இரத்தப்போக்கு, தொற்று, பித்தக்கசிவு, மரணம். இரண்டிலும் நான்காவதாக அதே சொல். ஒவ்வொரு வரியாகப் படித்தேன். திருத்தக்கூடிய ஒரு சொல்லை, சேர்க்கக்கூடிய ஒரு நிபந்தனையைத் தேடினேன்.

"இதை முழுசாப் படிச்ச முதல் ஆளு நீங்கதான். அடுத்தவங்க காத்திருக்காங்க ஐயா."

விளைவு உறுதியில்லாத எந்த ஆவணத்திலும் கையெழுத்திடாதே என்று கட்சிக்காரர்களுக்குச் சொல்லியே தலை நரைத்தவன். காப்பாளராம். யாரை எதிலிருந்து காப்பேன்? காக்கிறவர் வேறொருவர் என்று நம்பினால் மட்டுமே இந்த இடத்தில் என் பெயரை எழுதலாம். நம்புகிறேனா?

பயம் அப்படியே இருந்தது. இரண்டிலும் எழுதினேன்.

மார்ச் 20

காலையில் முதலில் சொரினைத் தள்ளிச் சென்றார்கள். "அப்பா, உள்ளே டாக்டர்கிட்ட சட்டம் பேசி நிறுத்திடாதீங்க." பிறகு மிரான். கதவுவரை என் விரலை விடவில்லை. கதவு மூடியது.

ஆண்டவரே.

மார்ச் 21

எழுத இயலவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

இருவரும் பிழைத்தார்கள். ஆனால் மிரானின் இன்றைய காலை இரத்தப் பரிசோதனையில் ஓர் அளவு கூடியிருக்கிறது. உடல் புதியதை ஏற்க மறுக்கத் தொடங்கியிருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், மருந்தை மாற்றிப் பார்ப்போம் என்றார் மருத்துவர். உறுதி ஒன்றும் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

பயந்தேன். பயந்தபடியே கட்டிலருகில் அமர்ந்து ஜெபித்தேன். பிறகு நடந்ததை மனைவியின் வாக்குமூலத்திலிருந்தே எழுதுகிறேன்: ஆமென் வரும் முன்பே தலை சாய்ந்து, வாய் திறந்து, மாலைச் சோறு வரும்வரை நான் தூங்கினேனாம். குறட்டையுடன்.

"என்னங்க, நோயாளி நானா நீங்களா?"

"மூணு செவிலியர் வந்து பார்த்துட்டுப் போனாங்க" என்றாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடக்கும் மகள். சிரித்தால் தையல் வலிக்கிறதாம், ஆனாலும் சிரித்தாள்.

குறட்டையை மறுத்தேன். எதிர்த்தரப்பில் சாட்சிகள் இருவர். ஆகவே இப்பக்கத்தைப் படித்துப் பார்த்து அவர்களே கீழே ஒப்பமிட்டனர். மகள் ஒப்பத்திற்கு வைக்கும் தன் பெயர் முத்திரையைக் கொண்டுவரவில்லை; சோற்றுடன் வந்த மிளகாய்ச் சாந்தில் பெருவிரலைத் தோய்த்து வைத்தாள்.

(ஒப்பம்) தாக் கிஹ்யொன்

சாட்சிகள்:
ஓக் மிரான் — கை நடுங்குகிறது, ஆனால் தன் கையால்
தாக் சொரின் — பெருவிரல் ரேகை