தீட்டு வீட்டுப் பிள்ளை

3 மே 1978, புதன்

காலை ஏழு இருபதுக்குச் செய்தி வந்தது. தன் பிள்ளையைப் பள்ளியில் விடப் போன லோரி ஓட்டும் பிச்சைமுத்து அண்ணன் கடைத்தெருவிலிருந்து போன் செய்தார். பாலர் பள்ளிக் கேட்டில் பூட்டுத் தொங்குகிறதாம். ஈப்போ பக்கம் வாந்திபேதி பரவுவதால் சுகாதார இலாகா மூடச் சொல்லிவிட்டதாம்.

மகள் நவமணி சீருடையோடு வாசலில் நிற்கிறாள். நான் எட்டு மணிக்கு வேலையில் இருக்க வேண்டும். இருக்கிற பயத்தில் அடுத்த வீட்டுப் பிள்ளையை யாரும் உள்ளே விடுவதில்லை. அவள் அம்மா சொர்ணம் இருந்திருந்தால் இது ஒரு செய்தியே இல்லை.

வேனில் ஏற்றிக்கொண்டு போனேன். வயர் சுருள்மேல் உட்கார்ந்து வந்தாள். ஃபோர்மன் பார்த்தும் பார்க்காததுபோல் போனார். இன்றைக்குச் சரி.

5 மே

லைன் அறுந்தால் என்னைக் கூப்பிடத் தொலைபேசி இலாகா போட்டுக்கொடுத்த போன் இது. தோட்டத்தை அழித்துக் கட்டிய இந்த வரிசை வீடுகளில் வேறு யாரிடமும் போன் இல்லை. அதனால் பெற்றோர் எல்லாரும் இங்கே. பேக்டரியில் வேலை செய்யும் ராக்காயி அக்கா, "நீங்க படிச்சவரு தம்பி, நீங்க பேசுனாத்தான் கேப்பாங்க" என்றார்.

பேசினேன். பள்ளியை நடத்துவது கோயில் கமிட்டி. அதன் செயலாளர் இரும்புக்கடை பழனியப்பனிடம் எப்போது திறக்கும் என்று கேட்டேன். கமிட்டி கூட வேண்டுமாம். தலைவர் லூமுட் போயிருக்கிறாராம்.

8 மே

சொர்ணத்தின் அக்கா மாரியம்மா பாகான் டத்தோவிலிருந்து வந்தார். வந்ததும் சட்டிபானையைக் கழுவினார். பிறகு சொன்னார்: "புள்ளய எங்கிட்ட குடுத்துருங்க தம்பி. ஒத்த ஆம்பள, வேலைக்கும் போயி எப்படி வளப்பீங்க?"

பள்ளி திறந்துவிடும், மாதக் கடைசி வரை பாருங்கள் என்றேன்.

"தொறக்கலன்னா?"

அப்போது கொடுத்துவிடுகிறேன் என்று சொன்னது என் வாய்தான்.

11 மே

நவமணி கேட்டாள், பள்ளிக்கூடத்துக்கும் காய்ச்சலா என்று.

15 மே

சுகாதார இலாகா ஆப்பீசுக்கே போனேன். தடையைப் போன வெள்ளிக்கிழமையே எடுத்தாகிவிட்டது, கமிட்டிக்கும் சொல்லியாகிவிட்டது என்றார் அங்கிருந்தவர். நேரே இரும்புக்கடை. பழனியப்பன் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. பள்ளி மண்டபம் மாரியம்மன் கோயில் வளாகத்தில் இருக்கிறது. ஆத்தாளுக்குச் சாந்தி பூஜை போடாமல் கதவைத் திறக்க முடியாதாம். பூஜை எப்போது? கமிட்டி கூட வேண்டும்.

17 மே

சிம்பாங் பூலாயில் வேலை. நான் கம்பத்தின் உச்சியில். கீழே பார்த்தால் நவமணி ரோட்டோரம் லோரிகளைப் பார்த்து நிற்கிறாள். எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை. இனிமேல் பிள்ளையைக் கொண்டுவந்தால் மேலே எழுதிப்போட வேண்டிவரும் என்றார் ஃபோர்மன். அவர் சொன்னதில் தப்பில்லை.

19 மே

பெற்றோர் சேர்ந்து கமிட்டிக் கூட்டத்துக்குப் போனோம். நான்தான் பேசினேன். ஆத்தா மனசு குளிரணும் என்று பழனியப்பன் மறுபடி ஆரம்பித்தார். ராக்காயி அக்கா எழுந்தார். "ஆத்தாளா வந்து பூட்டுனா? சாவி உங்க இடுப்புலதானே லா தொங்குது." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சொர்ணம் போனபின் இதுதான் முதல் சிரிப்பு. திங்கட்கிழமை முடிவு சொல்வார்களாம்.

22 மே

பழனியப்பனே போன் செய்தார். வெள்ளிக்கிழமை பூஜை, திங்கட்கிழமை பள்ளி.

"ஒண்ணு தம்பி, தப்பா நெனக்காதீங்க. ஒங்க மக மட்டும் ஒரு வருஷத்துக்கு வேணாம். சாவு வீட்டுத் தீட்டு. அவ கோயில் வாசல மிதிச்சுத்தான் இந்த நோவு வந்துச்சுன்னு பேசிக்கிறாங்க."

யார் பேசுவது?

"நான் சொல்லல. சனம் சொல்லுது. பெத்தவங்கள்லாம் சரின்னுட்டாங்க. நீங்களே கேட்டுப் பாருங்க."

அஞ்சு வயசு லா அவளுக்கு. கருமாதி முடிஞ்ச மறுநாள்ல இருந்து அந்த வாசல்லதானே போனா, அப்ப எங்க போச்சு தீட்டு? சொர்ணம் செத்தது டெங்கியில. வாந்திபேதியில இல்ல. இத நான் யாருகிட்டப் போயி சொல்ல —

23 மே

பிச்சைமுத்து அண்ணனைக் கேட்டேன். டயரைத் தட்டிக்கொண்டே பேசினார். "வீட்ல பயப்படுறா மச்சான். ஒரு வருஷம்தானே லா. ஓடிப்போயிரும்."

ராக்காயி அக்கா மட்டும் முகத்தைப் பார்த்துச் சொன்னார். "இன்னொரு வாரம் லீவு போட்டா வேல போயிரும் தம்பி. எப்படியாவது தொறந்தாப் போதும்னுதான் தலையாட்டுனேன்."

கோபம் வருமென்று பார்த்தேன். வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

26 மே

காலையிலிருந்து கோயில் ஸ்பீக்கர். நவமணி தானாகவே சீருடையை மாட்டிக்கொண்டு வந்தாள். என்ன சொல்வதென்று யோசித்து வைத்திருந்தேன். என் முகத்தைப் பார்த்தாள். உள்ளே போய் அவளே கழற்றிவிட்டாள்.

28 மே, ஞாயிறு

மாரியம்மா அக்கா கூட்டிப்போனார். பஸ் கிளம்பும்போது நவமணி கையாட்டவில்லை. நானும்.

6 ஜூன்

காலையில் போன். பிச்சைமுத்து அண்ணன். டீச்சருக்கு மூடியிருந்த மாதம் சம்பளம் தர மாட்டேன் என்றதாம் கமிட்டி. அந்தம்மா வேலையை விட்டுவிட்டார். கேட்டில் மறுபடி பூட்டு.

"நீ வந்து பேசு மச்சான். ஒனக்குத்தான் அந்தாளு பதில் சொல்றான்."

பின்னால் ராக்காயி அக்கா குரலும் கேட்டது. நான் போனை வைத்தேன். திரும்ப அடித்தது. திரும்பவும்.

மாரியம்மா அக்கா இருக்கும் தென்னந்தோட்டத்தில் போன் கிடையாது. நான் கேட்க விரும்பும் குரல் எதுவும் இந்தக் கம்பி வழியாக வராது. இலாகா கூப்பிட்டால்? கூப்பிடட்டும்.

ஸ்க்ரூடிரைவரை எடுத்துச் சுவர்ப் பெட்டியைத் திறந்தேன். இரண்டு கம்பிகள்தான். போனைக் கழற்றிவிட்டேன்.