கம்பளிக்கு அடியில் ஒரு கை

மச்சான்,

நேற்றுப் பெய்த மழையில் கொட்டகை ஒழுகிவிட்டது. காலையில் கதவைத் திறந்ததும் ஈரக் கம்பளி நாற்றம் மூக்கில் ஏறியது. உன் காக்கிச் சட்டையில் எந்நேரமும் இருந்த அதே நாற்றம். நீதான் உள்ளே இருக்கிறாய் என்று நினைத்து, "இன்னா, அதுக்குள்ள வந்துட்டியா" என்று கேட்டேவிட்டேன். உள்ளே நம் லாமா ராணி மட்டும் படுத்திருந்தது. கூப்பிட்டேன், எழவில்லை. புல்லை முகத்துக்கு நேரே பிடித்தேன், திருப்பிக்கொண்டது. என்மேல் துப்பக்கூட இல்லை. உடனே டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன்.

இப்போது அதன் பக்கத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்திருக்கிறேன். டாக்டரம்மா செங்கல்பட்டிலிருந்து வந்து, ஊசி போட்டு, பாட்டில் ஏற்றிவிட்டுப் போனார். வயிற்றுப் புழு ரத்தத்தையெல்லாம் உறிஞ்சிவிட்டதாம். பக்கத்திலேயே இருந்து மூச்சை எண்ணி எண்ணி எழுதச் சொல்லியிருக்கிறார். அந்தத் தாளின் பின்பக்கத்தில்தான் உனக்கு இதை எழுதுகிறேன். யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

இந்தப் பூங்காவுக்கு லாமா இரண்டு வந்து இறங்கிய நாள் உனக்கு நினைவிருக்கும். ஒட்டகத்துக்குச் சொந்தம், திமில் கிடையாது, உடம்பெல்லாம் கம்பளி என்றார்கள். எனக்குப் பெரிய மிதப்பு. அச்சரப்பாக்கத்தில் ஊரார் எருமையை மேய்த்து வளர்ந்தவன், எனக்குத் தெரியாத மாடா, ஆடா? நீயோ குப்பத்துக்காரன், மீனைத் தவிர எதையும் தொட்டதில்லை. அதனால் டாக்டரம்மாவைத் துளைத்துத் துளைத்துக் கேட்டாய். கேட்டதை அப்படியே செய்தாய். ஆண் லாமா முதல் மழையிலேயே செத்துப்போனது. கம்பளியை விலக்கிப் பார்த்தபோது உள்ளே வெறும் எலும்பு. நான் குண்டாகத்தான் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

அதற்கப்புறம் தினம் காலையில் ராணியின் கம்பளிக்குள் கையை விட்டு முதுகெலும்பைத் தடவிப் பார்த்தாய். கண்ணின் கீழ் இமையை இழுத்துச் சிவப்பாக இருக்கிறதா என்று பார்த்தாய். பெண் பார்க்கிற வீட்டில்கூட இவ்வளவு பார்க்க மாட்டார்கள் என்று உன்னைக் கிண்டல் செய்வேன். "மேல பாத்தா குண்டாத்தான் கீது, மச்சான். நோவுதுன்னு வாயத் தொறக்காது. நாமதான் தொட்டுப் பாக்கணும்" என்பாய்.

கத்திரி வெயிலில், கல்பாக்கத்தில் அக்கா மகள் கல்யாணம் என்று லீவு போட்டுப் போனாய். மூன்றாம் நாள் மத்தியானம் ராணி வாயைப் பிளந்துகொண்டு விழுந்தது. எருமைக்குச் செய்கிற மாதிரியே குடம் குடமாகத் தண்ணீரை முதுகில் ஊற்றினேன். ஊற்ற ஊற்ற இன்னும் மோசமாகிக்கொண்டே போனது. டாக்டரம்மா போன் எடுக்கவில்லை. உனக்குப் போட்டேன்.

"முதுவுல ஊத்தாத. கம்பிளி நனைஞ்சா சூடு உள்ளயே நின்னுக்கும். வயித்துல அடி, தொடைக்கு நடுவுல அடி. காத்தாடிய வயித்தாண்ட வை." ஒவ்வொரு பேச்சுக்கும் நடுவில் உனக்கு மூச்சு வாங்கியது. கல்யாணச் சோற்றை முட்ட முட்டத் தின்றுவிட்டு இளைக்கிறாயா என்று நான் கத்தினேன். நீ சிரிக்கவில்லை. "மூச்சு எத்தினின்னு எண்ணிச் சொல்லு" என்றாய். எண்ணினேன், சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி எண்ணச் சொன்னாய். மூச்சு குறைகிற வரைக்கும் போனை வைக்க விடவில்லை. சாயங்காலம் ராணி எழுந்து நின்றது. நன்றிகூடச் சொல்லாமல், சீக்கிரம் வந்து சேர் என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

இரண்டு நாளில் உன் உடலை ஆம்புலன்சில் குப்பத்துக்குக் கொண்டு வந்தார்கள். கல்யாணமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. நெஞ்சில் நீர் கோத்து ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறாய். உன் வீட்டுக்காரி என்னைப் பார்த்து அழவில்லை. "ஒங்களாண்ட சொல்லக் கூடாதுன்னுட்டாரு, அண்ணா. சொன்னா ராணிய அம்போன்னு வுட்டுட்டு ஓடியாந்துடுவீங்களாம். மூஞ்சில வெச்சிருந்த மூச்சு மாஸ்க்க கயட்டிட்டுத்தான் ஒங்களாண்ட பேசினாரு" என்றாள்.

எனக்கு உன்மேல் அப்படி ஒரு கோபம். இன்னும் ஆறவில்லை. ஆமாம், ஓடித்தான் வந்திருப்பேன். வந்தால் என்ன? ஒரு லாமா போனால் போகட்டும் என்று எனக்குத் தோன்றியிருக்கும், அதுதான் உனக்குத் தெரிந்திருக்கிறது.

அந்தக் கோபத்தில்தான் இத்தனை மாதம் ராணியின் கம்பளிக்குள் நான் கை விடவில்லை. தீவனம் வைத்தேன், தண்ணீர் வைத்தேன், சாணம் அள்ளினேன். தொடவில்லை. அருகில் போனால் என் தோளுக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று அது கழுத்தை நீட்டிப் பார்க்கும். என்னால் அதைத் தாங்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்கள் புசுபுசுவென்று இருக்கிறது என்று படம் எடுத்துப் போனார்கள், நானும் சரிதான் என்று இருந்துவிட்டேன். இன்றைக்குக் கை விட்டேன். முதுகெலும்பு கத்தி முனையாக உள்ளங்கையில் குத்தியது. இமை வெள்ளைக் காகிதமாக இருக்கிறது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். ஒரே தப்பை இரண்டாம் தடவை செய்தவனை எதால் அடிப்பது, நீயே சொல்.

பிழைக்குமா என்று டாக்டரம்மாவைக் கேட்டேன். நாளைக்கும் மூச்சு இருந்தால் பார்க்கலாம் என்றார். இது போய்விட்டால் நீ போன் பிடித்துக் காப்பாற்றியதும் போய்விடும். எனக்கு வேறு வழி தெரியவில்லை, மச்சான். வயிற்றில் கை வைத்து எண்ணுகிறேன். ஏறுகிறது, இறங்குகிறது, சில சமயம் நின்றுவிட்ட மாதிரி இருக்கிறது.

சற்று முன்னால் கேளம்பாக்கத்திலிருந்து என் வீட்டுக்காரி கூப்பிட்டாள், சாப்பிட வருவாயா என்று கேட்க. குரல் இளைத்தது. என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று மூன்று தரம் கேட்டேன். லிப்ட் ஓடவில்லை, மாடி ஏறி வந்தேன், அவ்வளவுதான் என்றாள். நம்பவில்லை. உட்காரு, போனை வைக்காதே என்றேன். இன்னா ஆச்சு உனக்கு என்று சலித்துக்கொண்டே உட்கார்ந்தாள். ஒரு கை ராணியின் வயிற்றில், ஒரு கையில் போன். இரண்டு மூச்சையும் எண்ணினேன். அன்றைக்குப் போனில் உன்னுடையதை மட்டும்தான் எண்ணாமல் விட்டேன்.