குற்றாலத்தில் ஏறிப் பார்த்த மாடி

தென்காசி,
18.9.2025, வியாழன்.

அன்பு மகள் யோகலட்சுமிக்கு, அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உலகம்மை தயவில் சுகமாக இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் கோமுக்குட்டியும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். தினமும் வீடியோவில் பேசுகிறவருக்கு எதற்குக் காகிதமும் பேனாவும் என்று நீ கேட்பாய். வீடியோவில் நான் வாயைத் திறப்பதற்குள் நீ என் முகத்தைப் பார்த்தே மறுத்துவிடுகிறாய், நடுவில் கோமு வந்து விழுந்த பல்லைக் காட்டுகிறாள், நான் சொல்ல வந்தது அப்படியே நின்றுபோகிறது. அதனால் எழுதி, பக்கத்து வீட்டு நூருன்னிசாவிடம் கொடுத்து, பக்கம் பக்கமாகப் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அவள் படித்துவிடுவாளே என்றாள் அம்மா. படித்தால் படிக்கட்டும், அவளுக்குத் தெரியாத ரகசியம் இந்த வீட்டில் என்ன இருக்கிறது.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருஷமாக நீங்கள் ராலே பக்கம், சுவரோடு சுவர் ஒட்டிக் கட்டிய அந்த டவுன்ஹோம் வீடு தேடுகிறீர்கள். நீ வீடியோ அனுப்புவதும், நாங்கள் நன்றாக இருக்கிறது என்பதும், நாலு நாள் கழித்து அவருக்குப் பிடிக்கவில்லை அப்பா என்று நீ சொல்வதும் வழக்கமாகிவிட்டது. நானும் உன்னிடமே எத்தனை தடவை கேலி பேசியிருக்கிறேன், உன் வீட்டுக்காரருக்கு அந்த மயனே வந்து கட்டிக் கொடுத்தாலும் நொட்டை சொல்லுவார், பெண் பார்க்க வந்த அன்றைக்கு மட்டும் எப்படி அரை மணி நேரத்தில் சரி என்றாரோ என்று. நீ ஒரு வார்த்தை பதில் சொன்னதில்லை. பத்து நாளைக்கு முன்னால் வீரகேரளம்புதூரில் மாப்பிள்ளை வீட்டுச் சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். பந்தியில் எனக்கு அடுத்த இலை உன் மாமியாருக்கு. வீடு ஒன்றும் அமையவில்லையே என்று நான்தான் பேச்சை ஆரம்பித்தேன். அவர் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார், "எங்கன அண்ணாச்சி அமையும்? ஏழு வீட்ட வேண்டாம்னுட்டான் எம் மவன். எல்லாம் கீழ ஒரு ரூமு இல்லன்னுதான். மாமாவும் அத்தையும் வந்தா மாடி ஏற முடியாதுங்கான். எனக்குக்கூட இப்பிடி ஒரு ரூமு தேடலயேன்னு ஒரு பக்கம் எரியத்தான் செய்யுது. பிள்ளைய நல்லாத்தான் வளத்திருக்கேன்னு இன்னொரு பக்கம் நெனச்சுக்கிடுதேன்." நான் பாயசம் வாங்காமலே இலையை மடித்துவிட்டேன்.

பஸ்ஸில் திரும்பும்போது இரண்டு பேருக்கும் திருவனந்தபுரம் ஏர்போர்ட்தான் நினைவு. அம்மா வழுக்கி விழுந்து முழங்கால் சில்லு உடைந்தபோது நீயும் மாப்பிள்ளையும் ஓடி வந்து இருபது நாள் கிடந்து பார்த்தீர்கள். திரும்பிப் போகும் அன்றைக்கு வாசலில் உன் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்களயும் அங்கனயே கூட்டிட்டுப் போயிருட்டி, இனிம தனியா முடியாது" என்று சொன்னேன். சொன்னது நான். அம்மா அப்போது வீல்சேரில் உட்கார்ந்து வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை பெட்டிகளை எடுத்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றார், காதில் விழுந்தது என்று எனக்கு அன்றைக்கே தெரியும். அதற்கு அப்புறம்தான் உங்கள் தேடலில் கீழ்த்தளத்தில் படுக்கையறை, அதோடு சேர்ந்த பாத்ரூம் என்று ஒன்று புதிதாக ஏறியிருக்கிறது. அந்த ஒரு அறைக்காக வீட்டின் விலை எங்கேயோ போய்விடுகிறது, உங்கள் கைக்கு எட்டுகிற வீடு எல்லாம் கைவிட்டுப் போகிறது. நான் இங்கே உட்கார்ந்துகொண்டு மாப்பிள்ளையைக் கேலி செய்துகொண்டிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது யோகா.

போன ஞாயிற்றுக்கிழமை நீ அம்மாவிடம் பேசும்போது, கோமுவின் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகிற தூரத்தில் இருந்ததே பச்சைக் கதவு வீடு, அது திரும்ப விற்பனைக்கு வந்திருக்கிறது, முதலில் எடுத்தவருக்கு லோன் கிடைக்கவில்லையாம், வருகிற ஞாயிறு வரைக்கும் விலை கேட்கலாம், ஆனால் கீழே அறை இல்லாததால் நாங்கள் கேட்கப் போவதில்லை என்று சொன்னாயாம். நான் அந்த வீட்டின் பழைய வீடியோவை எடுத்து நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். நாற்பது வருஷம் அடுத்தவன் நிலத்தை அளந்த சர்வேயருக்கு வேறு என்ன வேலை. பதினெட்டு அடி அகலம், நாற்பது அடி நீளம், நம் கணக்குக்கு ஒன்றே முக்கால் சென்ட் கூட வராத இடத்தில் மூன்று தளம். கீழே கார், நடுவில் அடுப்படியும் கூடமும், மேலே படுக்கை. கீழிருந்து நடுவுக்குப் பதினைந்து படி, நடுவிலிருந்து மேலே பதினைந்து படி, ஒரு படி உயரம் ஏழரை அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட வரும். ஏழரை என்றாலே நமக்கு ஆகாது, இருந்தாலும் எனக்கு ஒரு யோசனை வந்தது. இந்த முப்பது படியை அம்மா ஏறி இறங்கிவிடுவாள் என்று நிரூபித்துவிட்டால் நீங்கள் அந்த வீட்டையே வாங்கலாம், நாங்களும் வந்துவிடலாம், யாரும் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டாம். நம் வீட்டில் மாடி கிடையாது. அதனால் குற்றாலத்தில் மூன்று நாள் ரூம் போடுவது என்று முடிவு செய்தேன்.

அம்மா சிரித்த சிரிப்பை நீ பார்த்திருக்க வேண்டும். தென்காசிக்காரி குற்றாலத்தில் ரூம் போட்டுத் தங்கினாள் என்றால் ஊரில் ஒருத்தரும் நம்ப மாட்டார்கள், ஆட்டோவில் ஏறினால் கால் மணி நேரம் என்றாள். ஆனால் எதற்கு என்று அவள் கேட்கவில்லை, அவளுக்குத் தெரிந்துவிட்டது. திங்கட்கிழமை காலையில் ஐந்தருவி ரோட்டில் டேப்பை எடுத்துக்கொண்டு லாட்ஜ் லாட்ஜாக ஏறிப் படியை அளந்தேன். ஒன்றில் படி ஆறு அங்குலம்தான், அது பரீட்சைக்கு ஆகாது. இன்னொன்றில் லிப்ட் இருந்தது. மூன்றாவதில் நான் குனிந்து அளப்பதைப் பார்த்த மேனேஜர் மாடன் பதறிப்போய் காப்பி வாங்கி வரச் சொல்லிவிட்டார். "எந்த ஆபீஸ்லேந்து வாரிய அண்ணாச்சி, பிளான்படிதான் கட்டியிருக்கு" என்றார். நான் ரிட்டயர்டு ஆள், மகள் வாங்கப் போகிற வீட்டுப் படி மாதிரி இருக்கிறதா என்று பார்க்கிறேன் என்றேன். அந்த வீடு எங்கே என்று கேட்டார், அமெரிக்காவில் என்றேன். சாவியை எடுத்து இரண்டாவது மாடியில் ரூம் கொடுத்துவிட்டார், படி உயரம் பச்சைக் கதவு வீட்டு அளவேதான், மேலே வரைக்கும் அதே முப்பது படி. சாரல் மெலிந்துவிட்டதால் கூட்டம் இல்லை, வாடகையும் குறைவு. இதே ரூம் ஆடி மாதத்துச் சனிக்கிழமையில் மூன்று மடங்காம். புளியறை வழியாக வருகிற கேரள வண்டியும் மதுரை வண்டியும் ஒரே நேரத்தில் வந்து நின்றால், ஒருத்தர் சொன்ன வாடகைக்கு மேலே இன்னொருத்தர் சொல்லி, ரூமைக் கண்ணால் பார்க்காமலே பணத்தைக் கட்டிவிடுவார்களாம். உங்கள் ஊரில் வீட்டுக்கு நடப்பது என்ன என்று எனக்கு அப்போதுதான் சரியாகப் பிடிபட்டது. லாட்ஜ் ரூம் கிடைக்காவிட்டால் குளித்துவிட்டு ஊருக்குத் திரும்பலாம், நீங்கள் எங்கே திரும்புவீர்கள்.

முதல் நாள் அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறினாள், நடுவில் ஒரு தடவைதான் நின்றாள். எனக்கு அப்போதே உனக்குப் போன் போட வேண்டும் போல இருந்தது. சாயங்காலம் ஐந்தருவியில் தண்ணீர் மிதமாக விழுந்தது, பெண்கள் பக்கம் நின்று நன்றாகக் குளித்தாள், வரும்போது உன்னைப் பற்றியும் கோமுவைப் பற்றியும் பேசிக்கொண்டே வந்தாள். இரண்டாம் நாள் இறங்கும்போது பக்கவாட்டில் திரும்பி, ஒரு படிக்கு இரண்டு காலையும் வைத்து இறங்கினாள். நான் முன்னால் போனேன், விழுந்தால் பிடிக்கலாம் என்று. அறுபத்தெட்டு வயதில் நான் என்னத்தைப் பிடிக்கப் போகிறேன். நேற்று மூன்றாம் நாள். காலையில் பசியில்லை என்றாள். அருவிக்கும் வேண்டாம், முதல் நாள் குளித்ததே போதும் என்றாள். மத்தியானமும் பசியில்லை, நீங்கள் போய்ச் சாப்பிட்டு வாருங்கள் என்றாள். உன் அம்மா எட்டரைக்கு இட்லி வராவிட்டால் உலகத்தையே திட்டுகிறவள் என்று உனக்குத் தெரியும். நான் கீழே போய் இரண்டு சாப்பாடு பார்சல் வாங்கி வந்து வைத்தேன். முழுச் சாப்பாட்டையும் சாப்பிட்டாள். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து சொன்னாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"படி எறங்கப் பயந்து மூணே நாள்ல பசிக்கலன்னு பொய் சொல்லப் படிச்சிட்டேன், பாத்தியளா? அங்க போயி மவகிட்ட வருசம் பூரா இப்பிடிச் சொல்லிக்கிட்டு மேல ரூமுல கெடக்கணுமா? கீழ ரூமு உள்ள வீடுன்னா அது அவுக தலையில ஏறுத சொம. நமக்குத்தான் வீடு இருக்கே. அவளுக்குல்லா இல்ல."

படியில் நாற்காலி ஓடுகிற மெஷின் இருக்கிறதாமே என்று கேட்டுப் பார்த்தேன், நூருன்னிசா போனில் காட்டியிருந்தாள். மகள் வீட்டுக்குள் ரயில் விடவா என்று அம்மா சிரித்தாள், அப்புறம் அழுதாள். எனக்கும் அழுகை வந்தது, மறைக்கவில்லை. எனக்கு வர வேண்டும் என்றுதான் ஆசை யோகா. கோமுவைப் பள்ளிக்கூடத்துக்குக் கையைப் பிடித்துக் கூட்டிப் போக வேண்டும் என்று இரண்டு வருஷமாக மனதுக்குள் நடந்துகொண்டிருக்கிறேன். ஆனால் அந்த ஆசைக்கு இந்த விலை என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் ஏர்போர்ட்டில் வாயைத் திறந்திருக்க மாட்டேன். அன்றைக்கு நான் சொன்னது பயத்தில் சொன்னது. அந்தச் சொல்லை இப்போது திரும்ப எடுத்துக்கொள்கிறேன். அம்மா இங்கே வீட்டுக்குள்ளும் தெருவிலும் நன்றாக நடக்கிறாள், பாத்ரூமில் பிடித்துக்கொள்ளக் கம்பி வைத்தாகிவிட்டது, நூருன்னிசா கூப்பிட்ட குரலுக்கு வருவாள். நாங்கள் உன் வீட்டுக்கு விருந்தாளியாக வருவோம், மூன்று மாதம், கோமுவுக்கு லீவு விடும்போது. நடுத்தளத்துக் கூடத்தில் ஒரு மெத்தையைப் போடு, போதும். பாத்ரூம் அந்தத் தளத்திலேயே ஒன்று இருக்கிறது, வீடியோவில் பார்த்துவிட்டேன். பதினைந்து படியை நாலு நாளைக்கு ஒரு தடவை இறங்கினால் அம்மாவால் முடியும்.

பச்சைக் கதவு வீட்டை ஞாயிற்றுக்கிழமைக்குள் கேட்டுவிடுங்கள். கேட்பதற்கு முன் ஒரு தடவை மழை பெய்யும்போது போய்ப் பார், கூரைத் தண்ணீர் எங்கே போய் விழுகிறது என்று நின்று பார்த்தால் தெரிந்துவிடும். அசோசியேஷனுக்கு மாதம் எவ்வளவு, அது வருஷா வருஷம் எவ்வளவு ஏறியது என்று கேள். இரண்டு பக்கமும் சுவர் பொது என்று பயப்படாதே, பொதுச் சுவர் தகராறு எத்தனையோ அளந்து தீர்த்தவன் சொல்கிறேன், குடி போன அன்றைக்கே இரண்டு பக்கத்து வீட்டுக்கும் போய்ப் பேசிவிட்டு வந்துவிடு. போட்டி வந்து விலை ஏறினால் உங்கள் சக்திக்கு மேலே ஒரு படி கூடப் போகாதீர்கள். இந்த வீடு போனால் இதே மாதிரி இன்னொன்றைப் பாருங்கள், ஆனால் கீழே அறை இருக்கிறதா என்று மட்டும் இனிமேல் பார்க்க வேண்டாம்.

மாப்பிள்ளை ஒத்துக்கொள்ள மாட்டார். இந்தக் கடிதத்தை அவரிடமே கொடு. மாப்பிள்ளை, உங்களைப் பற்றி உங்கள் காதுக்குக் கேட்காமல் நான் பேசியதெல்லாம் தப்பு. பெண்ணைக் கொடுத்தவன் மருமகனிடம் மன்னிப்புக் கேட்பது நம் பக்கம் வழக்கம் இல்லை, இருந்தாலும் கேட்கிறேன். எங்களுக்கு ஒரு அறை வேண்டும் என்று நீங்கள் ஏழு வீட்டை விட்டீர்கள். அதில் ஒன்றுதான் திரும்ப வந்திருக்கிறது, அதை எங்கள் பொருட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

கோமுவுக்கு முத்தங்கள். விழுந்த பல்லைப் பத்திரமாக வைத்திருக்கிறாளாம், அம்மாவிடம் சொன்னாள். உங்கள் மூன்று பேருக்கும் சொந்தமாக ஒரு வாசல் அமைந்து, அதில் குறைவில்லாமல் வாழ எங்கள் இரண்டு பேருடைய ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. மறக்காமல் ஒன்று. வீடியோவில் அம்மாவிடம், நிஜமாகவே வர வேண்டாமா என்று இன்னொரு தடவை கேட்டுவிடாதே. நீ கேட்டால் அவள் வருகிறேன் என்று சொல்லிவிடுவாள். நானும் சொல்லிவிடுவேன்.

இப்படிக்கு,
உன் அப்பா,
க. நெல்லையப்பன்