ஐம்பத்து மூன்றாம் அதிகாரத்தில் அவர் யார்?

குளுவாங்
27 பிப்ரவரி 1943

பிரியமுள்ள எலியாகுவுக்கு,

மாசிலாமணி எழுதுவது. நானும் என் மனைவியும் மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிரோடிருக்கிறோம். உம்மை நினைத்தால்தான் தூக்கம் வருவதில்லை.

தூத்துக்குடிப் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த காலத்திலிருந்து ஏசாயாவின் ஐம்பத்து மூன்றாம் அதிகாரத்துக்காகச் சண்டை போடுகிறோம். பிறர் பாவத்துக்காக அடிபட்டு, வாய் திறக்காமல் ஆட்டுக்குட்டிபோல் போகிற அந்தத் தாசன் இயேசு என்பேன் நான். அது யூத ஜனம் என்பீர் நீர். அந்தச் சண்டையை இப்போது கொஞ்சம் நிறுத்திவைக்கும்.

யூதரைப் பிடித்துச் சிங்கப்பூரில் அடைக்கப்போகிறார்களாம். ஜப்பான் போலீசுக்கு மொழிபெயர்ப்பாளராயிருக்கும் ராஜசேகரன் எங்கள் ஆராதனைக்கு வந்து வேவு பார்க்கிறவர். அவரிடம் உமக்காகப் பேசினேன். “மூவார்க் கடிகாரக்காரர் உங்க சபைதான்னா நான் சொல்லி விட்டுடறேன். ஆனா என் காதால கேக்கணும்” என்றார்.

மார்ச் 21 ஞாயிறு இங்கே வாரும்; பயண அனுமதியை அவரே வாங்கித் தருவாராம். அந்த அதிகாரத்தை வாசித்து, ‘இவர் இயேசு’ என்று சபை கேட்கச் சொல்லும். மனதார நம்ப வேண்டாம். பாவம் என்மேல் இருக்கட்டும்.

கர்த்தருக்குள் உம்முடைய,
மாசிலாமணி


மூவார்
8 மார்ச் 1943

அன்புள்ள உபதேசியாருக்கு,

லாரி ஓட்டும் ஐயாசாமி கொண்டுவந்த கடிதமும் கிழங்கு மாவும் கிடைத்தன. உம் வீட்டம்மாவுக்கு என் நன்றி.

யூதன் என்று எழுதிய துணிப்பட்டையைக் கையில் கட்டாமல் நான் வெளியே போகக் கூடாது. ஆற்றங்கரைப் பக்கமே விடுவதில்லை, படகேறி ஓடிவிடுவேனாம். கடைக்கு எதிரே ஒருவன் காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறான். நான் எட்டிப் பார்த்தால் சிரிக்கிறான்.

உம் தமிழ் வேதத்தைப் புரட்டிப் பார்த்தேன். எபிரேயத்தில் அங்கே இருப்பது வெறும் ‘அவன்’. தமிழில் உங்கள் ஆட்கள் ‘அவர்’ என்று போட்டு, வழக்கை விசாரிப்பதற்கு முன்பே தீர்ப்பெழுதிவிட்டார்கள். சில அதிகாரங்களுக்கு முன்னாலேயே ‘என் தாசன் இஸ்ரவேல்’ என்று தீர்க்கதரிசி பெயரையே சொல்கிறாரே! ‘ஜனத்தின் பாவத்துக்காக அடிபடுகிறவன் அந்த ஜனமாகவே எப்படி இருப்பான்?’ என்று வழக்கம்போல மடக்குவீர். அங்கே பேசுகிறவர்கள் அந்நிய ராஜாக்கள், ஐயா. எங்களை அடித்தவர்கள் பிற்பாடு வெட்கப்பட்டு ஒப்புக்கொள்கிறார்கள். என் தகப்பனார் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்.

சண்டையை நிறுத்தச் சொன்னீர், நான் தொடங்கிவிட்டேன். பயத்தில் வேறென்ன எழுதுவது? வருகிறேன். நீர் சொன்னதைச் சொல்கிறேன். கேட்பதற்கு என் தகப்பனார் இப்போது இல்லை.

எலியாகு


மூவார்
24 மார்ச் 1943

அன்பு மாசிலாமணி,

உம் முகத்தைப் பார்க்காமல் வெளியேறியதற்கு மன்னியும்.

சொல்லத்தான் வந்தேன். லாரியில் வழியெல்லாம் ‘இவர் இயேசு, இவர் இயேசு’ என்று உருப்போட்டேன். வாசித்து முடிக்கும்வரை ஒன்றும் ஆகவில்லை. ராஜசேகரன் எழுந்து, “அது யாருன்னு சொல்லுங்க” என்றதும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ‘என் ஜனம்’ என்று என் குரல்தான் சொன்னது. எப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

அதற்கு நீர் ‘ஆமென்’ என்றீரே, ஏன் ஐயா? நான்தான் அகப்பட்டவன். நீர் ஏன் வந்து மாட்டிக்கொண்டீர்?

நேற்று உத்தரவு வந்தது. விடிந்ததும் சிங்கப்பூருக்குக் கொண்டுபோகிறார்கள். ஒரு பெட்டி எடுத்துக்கொள்ளலாமாம். திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், எதை எடுப்பது என்று தெரியவில்லை.

எலியாகு


குளுவாங்
15 ஜூன் 1943

பிரியமுள்ள எலியாகுவுக்கு,

ஏன் ஆமென் என்றேன் என்று கேட்டீர். நீர் சொன்ன அர்த்தத்தை ஏற்றுக்கொண்டு அல்ல. அத்தனை பேர் நடுவில் நீர் தனியாக நின்றது எனக்குப் பொறுக்கவில்லை.

இங்கே ரப்பர் தோட்டத்து ஆண்களைச் சயாமில் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். பால்வெட்டும் காளியம்மா வந்து அழுதாள்: “படம் காட்றோம்னு கூப்ட்டாங்கய்யா. எங்க வீட்டுக்காரரு வீரமுத்துவும் போனாரு. கொட்டகைய அடைச்சு எல்லாரையும் அப்படியே லாரியில ஏத்திட்டாங்க.”

மறுநாள் ராஜசேகரன் வந்தார். “சயாம் போறது நல்லதுன்னு பிரசங்கத்துல சொல்லுங்க. ஆமென் சொன்னத ஜப்பான்காரங்க மறக்கல. இதச் சொன்னா உங்கள விட்டுடுவாங்க” என்றார். சொல்லிவிட்டு வாசலைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கும் வேறு வழியில்லை போலிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை அந்த அதிகாரத்தையே எடுத்தேன். இன்றைக்கும் அதில் என் ஆண்டவரைத்தான் காண்கிறேன், அது மாறவில்லை. ஆனால் ஆட்டுக்குட்டி என்ற இடம் வந்ததும், கொட்டகைக்குள் முண்டியடித்த வீரமுத்துவும் மற்றவர்களும் என் கண்முன் வந்து நின்றார்கள். ஒரு ஜனம் முழுவதும் அடிபடும் என்று நீர் சொன்னபோதெல்லாம் அதை நான் வாதமாகத்தான் கேட்டிருக்கிறேன்.

புத்தகத்தை மூடிவிட்டு, “சயாமுக்குப் போகாதீங்க. ஓட முடிஞ்சவங்க காட்டுக்குள்ள ஓடிடுங்க” என்றேன்.

நாளை மறுநாள் ரயிலில் என்னையும் ஏற்றுகிறார்கள். என் மனைவி காளியம்மா வீட்டில் இருப்பாள். நான் ஓடினால் அவளைப் பிடிப்பார்களாம்.

ஐயாசாமி இதை உம் முகாம் வாசல்வரை கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறான். உள்ளே வருமோ, வராதோ. சயாமில் என்னோடு சண்டை போட யாரும் இருக்கமாட்டார்கள். உம் கட்சியையும் நானே பேசிக்கொள்கிறேன்.

உம்முடைய,
மாசிலாமணி